பாதிப் பேச்சிலேயே புரிந்துகொள்கிறவர்

நாம் வாயைத் திறந்து முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் மீதியைத் தானே புரிந்துகொண்டு, தலையாட்டி, செருப்பை மாட்டி, காரியத்தை முடிக்கக் கிளம்பிவிடுகிற ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. அவர்களுக்குக் காது எதற்கு? மூக்குக்கண்ணாடியைத் தாங்கத்தான் போலிருக்கிறது.

உத்திரமேரூர் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் வரதன். பந்தலா, மைக்செட்டா, எதுவானாலும் "புரிஞ்சிடுச்சு வுடு, நான் பாத்துக்கறேன்" என்பார். ஒருமுறை பெண் வீட்டுக்குச் சொன்ன பந்தல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் முளைத்தது. அதனாலென்ன? நிழல் நிழல்தானே!

இப்படிப்பட்டவர் கையில் ஒரு சினிமா கம்பெனி சிக்கினால்? பட்டாளத்துக்காரனின் காதல் கதையை எடுக்க வந்தவர்கள், வறண்ட ஏரிக்குள் ராணுவ முகாம் செட் போட்டுவிட்டு, சிப்பாய்களாக நிற்க உள்ளூர் ஆட்களைத் திரட்டும் பொறுப்பை வரதனிடம் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் கேட்டது, வசனம் உள்ள ஒரு வேஷம். கிடைத்தது. காதலியை நினைத்து ஏங்கிக் கிடக்கும் கதாநாயகனிடம் ஓடிவந்து, "சார், உங்களைப் பார்க்க ஒரு பொண்ணு வந்திருக்கு" என்று சொல்லும் ஹவில்தார். அந்த ஒரு வரியை மாட்டிடம் சொன்னார், மோட்டார் கொட்டகைச் சுவரிடம் சொன்னார், வாலாஜாபாத் மாமனார் வீட்டுக்குப் போன் போட்டும் சொன்னார். பாவம், மனுஷனுக்கு அவ்வளவு ஆசை.

படப்பிடிப்புக்கு முதல் நாள் உதவி இயக்குநர் அனுப்ரியா போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, நாளைக்கு வர்றவங்க மீசை விஷயத்துல மட்டும்..."

"புரிஞ்சிடுச்சு மேடம். மிலிட்டரின்னா எப்டி இருக்கணும்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

வைத்துவிட்டார்.

விடிந்ததும் சலூனில் திருவிழாக் கூட்டம். முதல் மீசை வரதனுடையது, தலைவர் அல்லவா! ஆண்பிள்ளை மீசையை மழிப்பது அப்பா செத்தால்தான் என்கிற ஊர் வழக்கம் அந்த அவசரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்ட புள்ளலூர் பங்காளி ஒருவருக்கு வந்தது. அவரும் அதே இனம். ஒரு வார்த்தை விசாரிக்காமல், பெரிய ரோஜா மாலையோடு நேராக வரதன் வீட்டுக்குப் போனார். அங்கே நாஷ்டாவை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார் வரதனின் அப்பா சின்னராசு.

"மாலை யாருக்கு நைனா?"

வந்தவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்த நேரம் பார்த்து வரதன் உள்ளே நுழைய, மகனின் வழவழ மேலுதட்டைக் கண்டதும் பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடப்பாவி, நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், அதுக்குள்ள இன்னாடா அவசரம்?"

துரத்தினார். மகன் ஓடினார். ஓட்டம் ஏரிக்குள் போய்த்தான் நின்றது.

அங்கே இயக்குநர் வினோத்குமார் தலையில் கைவைத்து நின்றார். "மீசை எங்கய்யா? இந்த ஊர் மீசைங்களைப் பாத்துட்டுத்தானே இங்க வந்தேன்!"

"யாரும் எடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் சார் போன் பண்ணேன்" என்றார் அனுப்ரியா, அழாத குறையாக.

அப்போதுதான் இயக்குநர் சின்னராசுவைப் பார்த்தார். முறுக்கிய வெள்ளை மீசை, கோபத்தில் நிமிர்ந்த நெஞ்சு. ஹவில்தார் வேஷம் அந்த இடத்திலேயே சுபேதாராக உயர்ந்து பெரியவர் கைக்குப் போனது, வசனத்தோடு. மீசையில்லாத கூட்டத்தைக் கதாநாயகனின் அப்பா இறந்துபோகும் காட்சிக்கு ஒதுக்கினார்கள். வேறு எதற்கு ஆகும்?

சின்னராசு வசனத்தை முழுசாகக் கேட்டார். "இன்னொரு தபா சொல்லு கண்ணு" என்று மறுபடியும் கேட்டார். ஒரே டேக்கில் ஓகே! ஏரியே கைதட்டியது. மாட்டிடம் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய தன் வரி அப்பாவின் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட வரதனுக்கு நெஞ்சு வலித்தது. அடுத்த காட்சியில் பிணத்தருகே நின்றபோது கிளிசரின் தேவைப்படவில்லை. தாரை தாரையாகக் கொட்டியது.

இயக்குநர் நெகிழ்ந்து தோளைத் தட்டினார். "பிரமாதம்! அடுத்த படத்துல உங்களுக்கு..."

"புரிஞ்சிடுச்சு சார்!"

அன்று சாயங்காலமே வாலாஜாபாத்துக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த படத்தில் வரதன்தான் வில்லனாம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். ஆபீஸ் மேனேஜரோ, மச்சானோ, எதிர்வீட்டுக்காரரோ. யாரைச் சொல்கிறேன் என்று புரிந்துவிட்டதாக அப்போதே சிரித்திருப்பீர்கள்.

நான் அவரைச் சொல்லவில்லை.