மாமனாருக்கு ஒரு ரப்பர் பட்டன்

மனித நாகரிகம் முழுவதும் மிளகளவு கறுப்பு ரப்பர் ஒன்றின் மேல்தான் நிற்கிறது என்பதைக் கண்டறிந்து அறிவித்தவன் நான். இதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

டிவி ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு. அழுத்தினால் அது கீழே இறங்கி இரண்டு செப்புக் கோடுகளைத் தொடும், மின்சாரம் பாயும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என் வாழ்க்கையில் மூன்று மாதங்களை விழுங்கியது.

என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுந்து நடக்க முடியாது. விரல்களில் பலமில்லை. குரல் அடுத்த அறைக்கு எட்டாது. பின்பக்க அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம்.

"என்னங்க, அப்பாவுக்கு ஒரு பெல் வாங்கிட்டு வாங்க. ஏதாவது வேணும்னா அமுக்கட்டும்," என்றாள் மனைவி.

"வாங்கறதா? மின்னணு ஆர்வலர் பேரவையோட செயலாளர் இந்த வீட்டுலயே இருக்கும்போதா?"

"சரி, எப்ப முடியும்?"

"ஞாயித்துக்கிழமை."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவள் கேட்கவில்லை. அது அவள் தவறு.

பேரவையில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள். தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கூட்டங்கள் அவர் கடை மாடியில் நடக்கும். பொருளாளர் எல்லாத் தீர்மானங்களையும் எதிர்ப்பவர். ஆகவே அவருக்கு, மின்சாரத்தைத் தடுக்கும் பாகமான 'ரெசிஸ்டர்' என்று பெயர். அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"சாதாரண சுவிட்ச் கெட்டியா இருக்கும். பலமில்லாத விரலுக்கு ரப்பர் பட்டன்தான் சரி," என்று முன்மொழிந்தேன்.

"நான் எதிர்க்கிறேன்," என்றார் ரெசிஸ்டர்.

"எதை?"

"அதை இன்னும் முடிவு பண்ணல."

ஒன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்தது 'கொள்முதல்'. நான்கு கடைகளில் "தனியா வராது சார், ரிமோட்டோடதான் வரும்" என்று கைவிரித்துவிட்டார்கள். ஐந்தாவது கடையில் விளக்கமாகவே கேட்டேன்.

"மின்சாரம் கடத்தற ரப்பர் இருக்கா?"

கடைக்காரர் தெருவை இருபுறமும் பார்த்தார். "கடத்தல் சரக்கெல்லாம் நாம வைக்கறதில்ல சார்."

"கடத்தறது ரப்பர்தான்."

"யாரு கடத்தினாலும் நமக்கு வேணாம்."

எனவே சொந்த முயற்சியில் இறங்கினேன். அலுவலகக் குப்பையறையில் பதினொரு செத்த கால்குலேட்டர்களை மீட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பழுதுபார்க்கக் கொடுத்த ரிமோட், பழுது நீங்கி, ஒரு பட்டனும் நீங்கித் திரும்பிப் போனது. சத்தத்தைக் கூட்டும் பட்டன் இருக்கிறது, குறைக்கும் பட்டனைக் காணோம் என்று வாசலில் வந்து நின்றார். அதன் பிறகு ஒரு வாரம், அவர் வீட்டுச் செய்திகளைத் தெருவே கேட்டுப் பொது அறிவை வளர்த்துக்கொண்டது.

பட்டன் கிடைத்ததும் 'பராமரிப்பு' தொடங்கியது. நல்ல பொட்டு இருநூறு ஓமுக்குள் மின்தடை காட்ட வேண்டும். தூசியோ விரலின் பிசுக்கோ பட்டால் அது ஆயிரங்களுக்கு ஏறிவிடும். ஹால் மூலையில் சுவரைப் பார்த்தபடி என் மேஜை. நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பொட்டுகளைத் துடைத்தேன், அளந்தேன், பதிவேட்டில் எழுதினேன். துடைக்கத் துடைக்கக் கறுப்பு தேய்ந்தது. தேயத் தேயத் தடை ஏறியது. ஏற ஏற இன்னும் அழுத்தித் துடைத்தேன். தேய்ந்தவற்றை எறிந்துவிட்டு மறுபடி கொள்முதலுக்குக் கிளம்பினேன். அறிவுலகம் இதைத்தான் 'ஆய்வு' என்று அழைக்கிறது.

"பெல் என்ன ஆச்சு?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"பராமரிப்பு நடக்குது."

"செஞ்சு முடிச்சப்புறம்தானே பராமரிப்பு?"

"அது பழைய முறை."

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. திருப்தி அடைந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாத முடிவில், உண்மையாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல் தயாரானது. தடை நூற்றெண்பது ஓம். தலைவரும் ரெசிஸ்டரும் சிறப்பு விருந்தினர்களாக வந்தார்கள். ரிப்பனுக்குப் பதிலாகக் கட்டிய சிவப்பு ஒயரைத் தலைவர் வெட்டினார். பெல்லை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு நான் முன்னே நடக்க, ஊர்வலம் பின்பக்க அறையை அடைந்தது. கதவைத் திறந்தேன்.

கட்டில் இல்லை. மாமனாரும் இல்லை. துவைத்த துணிகள் மட்டும் கொடியில் தொங்கின.

"மாமா எங்க?" என்றேன்.

"ஹால்ல," என்றாள் மனைவி.

"எப்ப வந்தாரு?"

"பதினாறு நாளாச்சு. இங்கேருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கறதில்ல. நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப நானும் அண்ணனுமா கட்டிலை மாத்திப் போட்டோம். தினமும் உங்க பையை அவர் கால்மாட்டுலதான் வைக்கறீங்க."

"எங்கிட்டச் சொல்ல வேணாமா?"

"சொல்லத்தான் வந்தேன். 'விடும்மா, எனக்காகத்தானே பாடுபடறார்'னு அப்பா தடுத்துட்டார்."

"நாங்க உள்ள வரும்போதே அவர்கிட்டப் பேசிட்டுத்தானே வந்தோம்," என்றார் தலைவர் தயக்கத்துடன். "பின்னாடி எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னுதான் புரியல."

ரெசிஸ்டர் எதையும் எதிர்க்கவில்லை.

ஹாலுக்குத் திரும்பினேன். என் நாற்காலிக்கு நாலடி பின்னால் கட்டில். அதில் மாமனார். முகம் நான் நினைத்துவைத்திருந்ததைவிட மெலிந்திருந்தது. கால்மாட்டிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தேன். பெல்லை அவர் கையில் கொடுத்தேன். ஒற்றை விரலால் தொட்டார். பிசிறில்லாமல் ஒலித்தது.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றார்.

"இவ்வளவு பக்கத்துல இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே மாமா."

"தினமும் கூப்பிட்டேன் மாப்பிள்ளை. பெல் தயாரானாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்போலன்னு விட்டுட்டேன்."