இடது பக்கத்துப் பெட்டி

எனக்குக் காது விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று எழுதுவதே நியாயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி வளைக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் பதினெட்டு வருடம் மெஷினோடு நின்றவன் நான். அடிக்கிற சத்தத்தை வைத்தே தகட்டை வெட்டும் அச்சு, எங்கள் பாஷையில் டை, தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். (இரண்டு முறை சரியாகச் சொன்னேன். மற்ற முறைகளைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.)

அதனால், சேக்காட்டில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததும் ஹாலுக்கு ஹோம் தியேட்டர் வாங்குவது என்று முடிவானபோது, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரிடமும் விடவில்லை. மூன்று மாதம் வீடியோ பார்த்துத் தயாரானேன். பாடி ஏரியாவில் துரை என்பவருடைய கடைக்குப் போய், டெமோ அறையின் நடுவில் நின்று பலமாகக் கை தட்டினேன். அறையின் எதிரொலியை அப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். தட்டியதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் "ம்ம்" என்று தலையாட்டி வைத்தேன். துரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, மூலையில் ஒரு சப்ஊஃபர். நடுவில் என்னை உட்காரவைத்து ஹெலிகாப்டர் சத்தம் ஒன்றைப் போட்டார். அது முன்னால் கிளம்பி, வலது பக்கமாக வளைந்து, முதுகுக்குப் பின்னால் போய், இடது பக்கம் வந்ததும் மங்கிக் காணாமல் போனது.

"பின்னாடி லெஃப்ட் பாக்ஸ் அவுட்டு" என்றேன்.

துரை பெட்டியருகே போய்க் காதை வைத்தார். "நல்லாத்தான கீது சார்?"

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு இது பதினெட்டு வருஷ அனுபவம்." (இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.)

பெட்டியை மாற்றினார். பிறகு வேறு கம்பெனி செட்டையே வைத்தார். ஹெலிகாப்டர் அதே இடத்தில்தான் விழுந்தது. மட்டமான சரக்கு வைத்திருக்கிறார் என்று, கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டு வந்தேன்.

துரை ரோஷக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாவது செட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். இனி ஒன்று அவர் கடையின் பெயர் கெட வேண்டும், அல்லது என் காதின் பெயர். நானும் சும்மா இருக்கவில்லை. சாட்சிக்கு முருகேசனையும் ஜானையும் வரவழைத்திருந்தேன். இருவரும் பிரஸ் ஷாப்பில் என் லைன் ஆட்கள், சத்தம் தெரிந்தவர்கள்.

நான் நடுவில் உட்கார்ந்தேன். ஹெலிகாப்டர் இடது பக்கம் வந்து செத்தது. முருகேசன் உட்கார்ந்தான். "லெஃப்ட்ல ஒண்ணுமே வரலியே" என்றான். ஜான் உட்கார்ந்து, கண்ணை மூடி, தீர்ப்பு சொன்னான்: "சுத்தமா அவுட்டு மச்சான்."

மூன்று பேரும் ஒரே குரல். துரையின் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மறுபடி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

அவர் பின்னால் இருந்த இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தார். செத்த பெட்டி வலது பக்கம் வந்ததும் உயிர் பிழைத்தது. நன்றாக இருந்த பெட்டி இடது பக்கம் போனதும் செத்தது. ஒயரையும் மாற்றிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்தே, கோச்சிக்காத. டிவிக்கு முதுகு காட்டிகினு குந்து."

சார் போய் அண்ணாத்தே வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தேன். அதுவரை செத்துக்கிடந்த பெட்டி என் வலது காதில் படபடவென்று அடித்தது. மறுபக்கத்துப் பெட்டி இறந்துபோனது.

முருகேசன் மெதுவாகத் தன் நாற்காலியைத் திருப்பினான். யாரும் சொல்லாமலே ஜானும் திருப்பினான். பிள்ளை குட்டி பெற்ற மூன்று ஆண்கள், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

துரை சத்தத்தை நிறுத்தினார். "பொட்டி மேல தப்பு இல்ல அண்ணாத்தே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சுமதி எழுந்து முன்னால் வந்தாள். "எனக்கு ரெண்டு பக்கமும் நல்லா கேக்குதுன்னு மூணு தடவை சொன்னேனே!"

அவள் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம்.

எங்கள் லைனில் எல்லோரும் இடது தோளை மெஷினுக்குக் கொடுத்துத்தான் நிற்போம். காதுக்குப் பிளக் கொடுத்திருந்தார்கள். அதை ஆடிட் வரும் நாளில் மட்டும் காதில் வைப்போம். மற்ற நாளெல்லாம் கழுத்தில் தொங்கும். மெஷின் பேசுவது கேட்க வேண்டுமே! பிறகு என் காதைச் சோதனை செய்த டாக்டர், இடது காதில் போனது போனதுதான், வலதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். முருகேசனுக்கும் அதேதான். ஜான் இன்றுவரை டாக்டரிடம் போகவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறான்.

ஆனால் டாக்டர் சொன்னதைவிட வேறொன்றுதான் எனக்கு அதிகம் வலித்தது. பைக்கில் சுமதி எப்போதும் ஒருபக்கமாக, இடது பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். கல்யாணமான புதிதில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஓயாமல் பேசுவாள். எந்த வருடத்திலோ அது நின்றுபோனது. அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அவளோ, வேண்டுமென்றே நான் பதில் சொல்லாமல் வருகிறேன் என்று நினைத்து, மனசு விட்டுப்போய்த்தான் நிறுத்தியிருக்கிறாள்.

அந்த மூன்றாவது செட்டையே வாங்கினேன். வேறு என்ன முகத்தோடு திருப்பி அனுப்புவது? இப்போது நான் எதற்காவது பதில் சொல்லாமல் இருந்தால், என் மகள் சமையலறையைப் பார்த்துக் கத்துவாள்: "அம்மா, அப்பாவுக்கு ஒயரை மாத்திப் போடு!" உடனே சுமதி வலது பக்கம் வந்து நின்று சொன்னதையே மறுபடி சொல்லுவாள். சொந்தக்காரர்கள் வரைக்கும் இது பரவிவிட்டது.

ஒருநாள் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன். "அவ்வளவு வருஷம் வண்டியில என்னதான் பேசிட்டு வந்த?"

சுமதி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் லெஃப்ட் பாக்ஸ்லதான் இருக்கும். திரும்பி உக்காந்து கேட்டுக்குங்க."