கீழ்வீட்டுக்குப் போன சுடுதண்ணீர்

அஷ்ரஃபிய்யா, அம்மான் நகரம்.
ஜனவரி, மழை விட்ட காலை.

மதிப்பிற்குரிய மாமா அபூ குதைபா அவர்களுக்கு,

உங்கள் மீதும் வீட்டார் மீதும் அமைதி உண்டாகட்டும். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே அம்மா நலம். நானும் நலமென்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

தொலைபேசியில் உங்களிடம் பேசினால் எனக்கு வாக்கியம் முடிவதில்லை. ஆகவே கடிதம். விஷயம் இதுதான்: வெள்ளிக்கிழமை நீங்கள் வீடு பார்க்க வர வேண்டாம். தீமாவுக்கும் எனக்கும் நடக்கவேண்டிய திருமணத்தைப் பனிக்காலம் கழியும்வரை தள்ளிவையுங்கள்.

பெண் கேட்டு வந்த அன்று எங்கள் பெரியவர்கள், சம்மதம் வரும்வரை குடிக்கக் கூடாதென்ற முறைப்படி, காபியைத் தொடாமல் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சொன்னீர்கள்: "பொண்ணத் தர்றேன். ஆனா அவ கை பச்சத்தண்ணில விறைச்சு நான் பாக்கக் கூடாது. மாடில சூரிய டேங்க், வீட்டுக்குள்ள பாய்லர். ரெண்டும் வரட்டும், அப்புறம் தேதி." காபி ஆறிவிட்டிருந்தது. குடித்தார்கள்.

இரண்டும் வந்துவிட்டன. மொட்டைமாடியில் தெற்குப் பக்கம் முழுவதும் மற்ற வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள், சாட்டிலைட் தட்டுகள், நடுவில் யாருடையதென்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு குளியல் தொட்டி, அதை நகர்த்தியதும் மூன்று வீட்டார் வந்து அது எங்களுடையது என்றார்கள், அந்தச் சண்டையில் கண்ணாடிப் பலகை ஒன்று விரிசல் விட்டது, டேங்கைக் கயிறு கட்டி இழுத்தபோது முதல் மாடிப் பலகணியில் மோதி அம்மாவின் கன்னம்போல ஒரு குழி விழுந்தது, பொருத்தி முடித்த மாலையே மேகம் வந்து ஒரு வாரம் போகவில்லை. பிறகு வெயில் வந்தது. மாடியில் டேங்கின் குழாயைத் தொட்டேன், விரல் பொத்துவிட்டது. ஓடிவந்து வீட்டுக் குழாயைத் திறந்தேன். பனிக்கட்டி.

மறுநாள் கீழ்வீட்டு அபூ நாயிஃப் படியேறி வந்தார். அவர் மனைவி உம்மு நாயிஃப் போன இலையுதிர்காலத்தில் இறந்தது உங்களுக்குத் தெரியும்.

"கினான், உங்க வீட்ல தண்ணி எப்படி வருது?"

"சில்லுன்னு வருது."

"எங்க வீட்ல சுடச்சுட வருது. பாய்லர்ல ஒரு சொட்டு டீசல் கெடையாது. புரியுதா?"

"இல்லையே."

"படிச்சவன்தானே நீ? அவதான் அனுப்புறா. இருந்தப்போ குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னு, தண்ணி சூடா இருக்கான்னு தெனம் கேப்பா. நான் பதில் சொன்னதே இல்ல. இப்ப சொல்றேன்."

டேங்கைப் பொருத்திய அபூ ஸுஹைலைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"கீழ்வீட்டுக் குழாய்ல மாத்தி மாட்டிட்டேன் போலருக்கு. எல்லாக் குழாயும் ஒரே மாதிரி தொங்குது, நான் என்ன பண்ண? நாளைக்கு வந்து மாத்தி விடறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"கீழ ஒருத்தர் சம்சாரத்தோட பேசிட்டிருக்கார்."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அம்மா துண்டிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் காய்ச்சி ஊத்து. நான் கெட்டில்ல சுடவெச்சு ஒரு கால ஒரு நாள், இன்னொரு கால மறுநாள் கழுவிக்கிறேன். உன் மாமனார் கேட்டா, செத்தவங்க பேர்ல குடுத்துட்டோம்னு சொல்லு."

தீமாவிடம் சொன்னேன். "உன்ன மாதிரி ஒருத்தனுக்காக ஒரு பனிக்காலம் என்ன, ரெண்டுகூடக் காத்திருப்பேன்" என்றாள்.

மாமா, நான் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்ததில்லை. இப்போது பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுகிறேன். பல் கிட்டுகிறது. கீழே குழாய் ஓடும் சத்தம் கேட்கிறது. நான் ஓர் ஆள் என்று தோன்றுகிறது. இதற்காகத் திருமணம் தள்ளிப்போனால் போகட்டும். அது நின்றே போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அந்த முடிவு உங்கள் கையில்.

அத்தைக்கும் குதைபாவுக்கும் என் அன்பு. உங்கள் ஆயுளும் நிழலும் நீளட்டும்.

மருமகனாகும் நம்பிக்கையில்,
கினான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்று நடந்துவிட்டது. சமையலறைப் பலகணியில், குழாய்க்கு டேங்கிலிருந்து தண்ணீரா பாய்லரிலிருந்தா என்று மாற்றிவிடும் கைப்பிடி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் 'கோடை', மறுபக்கம் 'பனிக்காலம்'. பொருத்திய அன்றே பனிக்காலத்துக்குத் திருப்பினேன். பனிக்காலம்தானே. அது பாய்லர் வழி. பாய்லருக்கு நான் இன்னும் டீசல் ஊற்றவில்லை. இன்று அம்மா அந்தக் கைப்பிடியில் வெங்காயப் பையை மாட்டினாள். கனத்தில் அது கோடைக்கு இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஆவி பறக்கிறது.

அபூ நாயிஃபுக்குத் தண்ணீர் நின்றிருக்குமே என்று கீழே ஓடினேன். அவர் மகள் ஹனாதி கதவைத் திறந்தாள். "சத்தம் போடாதீங்க. குளியலறைப் பரண்ல நான்தான் சின்னதா ஒரு கரண்ட் ஹீட்டர் வெச்சிருக்கேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா பில்லுக்கு பயந்து புடுங்கிடுவாரு." உள்ளே அவர் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டேங்க் முதலிலிருந்தே எங்கள் குழாயில்தான் இருந்திருக்கிறது. நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன். இவ்வளவு நல்லவனாக இன்னொரு முறை எழுத வருமா என்று தெரியவில்லை. எனவே வெள்ளிக்கிழமை வாருங்கள். தள்ளிவைக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று. தீமா காத்திருப்பதாகச் சொன்னது மேலே கடிதத்தில் இருக்கும் அந்த நல்லவனுக்காக. அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். உண்மையை அவளிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டாம், நானே சொல்கிறேன். திருமணத்துக்கு முன்பா பின்பா என்பதை மட்டும் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள்.