மேசை மேல் மிஞ்சிய குண்டு

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கை சுடும் என்பதால் எழுதித் தருகிறேன்.

1978ஆம் வருடம், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பட்டறை. மெக்கானிக் ரெங்கசாமி, தோட்ட மேனேஜர் விஜயன் துரையின் காருக்குக் கியர்பாக்ஸைப் பூட்டி முடித்து, மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டுத் திரும்பினான். மேசை மேல் ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருந்தது.

பட்டாணி அளவு இருக்கும். யாரோ துடைத்து வைத்தாற்போலப் பளபளத்தது.

ரெங்கசாமி வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டான். துரையின் கார் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் கார். தோட்டத்தில் அந்த மாதிரி அது ஒன்றுதான். அதன் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஓடும் வழிகளில் இதே போலச் சின்னச் சின்னக் குண்டுகள் உண்டு. பிரித்தபோது அவற்றையெல்லாம் ஒரு பால் டின்னில் போட்டு வைத்தான். எத்தனை என்று மட்டும் எண்ணவில்லை. இருபது வருடம் லோரி பார்த்த கை. லோரியில் எதையும் எண்ண வேண்டியதில்லை.

கியர் வழுக்குகிறது, காரை ஈப்போ டவுன் பட்டறைக்கு அனுப்பப் போகிறேன் என்று துரை சொன்னபோது, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் இருநூறு பேர் முன்னால் மார்தட்டியவன் அவன்தான்.

"எதுக்குத் துரை ஈப்போவுக்கு? அதுவும் மனுஷன் பூட்டுனதுதானே. நான் பிரிச்சுப் பூட்டித் தரேன்."

"சரி ரெங்கசாமி. காடி நல்லா ஓடுனா போர்மேன் வேலை உனக்கு. இல்லாட்டி ஈப்போவுலேருந்து போர்மேன் வருவான்" என்றார் துரை.

போர்மேன் என்றால் தனி வீடு. லயத்து வரிசை வீடுபோல, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இவன் வீட்டுப் பாத்திரம் அதிராது. அவன் மனைவி நீலாவதி திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. குண்டு சட்டைப் பைக்குள் போனது. வந்தவன் வாட்ச்மேன் சிங்காரம். துரை பங்களாத் தோட்டத்து முட்டைக்கோசைக் குரங்கு தின்னாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"ஜன்னல் கண்ணாடி எப்படிடா ஒடஞ்சது? காத்து வருது" என்றான் ரெங்கசாமி, பையை மூடிக்கொண்டு.

"குரங்குங்க அட்டகாசம் தாங்கலண்ணே" என்றான் சிங்காரம், தரையைத் தேடிக்கொண்டு.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மழை வருமா என்று சிறிது நேரம் பேசினார்கள். பிறகு சிங்காரம் போய்விட்டான்.

மறுநாள் துரை ஓட்டிப் பார்த்தார். ரெங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது கார் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. இருவர் தலையும் 'ஆமாம்' என்று ஆடின.

"என்ன ரெங்கசாமி, உதைக்குதே?"

"புதுசா பூட்டுனதுங்க துரை. பழகணும்."

கார் கம்பெனிப் புத்தகத்தில், குலுங்கினால் முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைப் பார் என்றுதான் படம் போட்டிருந்தது. ரெங்கசாமி படத்தைப் பார்க்கவில்லை. காரணம்தான் சட்டைப் பையில் உருண்டுகொண்டிருக்கிறதே.

மறுபடி பிரித்தால் ஊருக்குத் தெரியும். எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைத்து, அளவுக்கு மேல் இரண்டு போத்தல் ஊற்றினான். எண்ணெய் உள்ளே நுரைத்தது. குலுக்கல் உதையானது. துரை டவுனுக்குப் போகும் வழியில் வாயில் வைத்த சுருட்டு பின்சீட்டில் போய் விழுந்தது. அது அங்கேயும் அணையவில்லை.

"ரெங்கசாமி, எனக்கு காடி வேணும். குதிரை வேணாம்."

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாத்துடுறேன் துரை."

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை. லயமே அங்கே போயிருந்தது. ரெங்கசாமி வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கினான். உள்ளே ஒரு பள்ளம் காலியாக இருந்தது. குண்டை வைத்துப் பார்த்தான். அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. கோவில் மணி வேறு அந்த நேரம் பார்த்து அடித்தது. ரெங்கசாமி மனம் நிறைந்து கும்பிட்டுவிட்டுப் பூட்டினான்.

திங்கட்கிழமை கார் முன்னால் போக மறுத்தது. இரண்டடி பாயும், நிற்கும், முனகும். பின்கியரில் போட்டால் வெண்ணெய்.

துரை கோபக்காரர், ஆனால் நேரம் தவறாதவர். ஆபீசுக்கு நேரமானதும் காரைத் திருப்பி நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே இறங்கிப் போனார். மாலையில் பின்பக்கமாகவே ஏறி வந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, துரைக்கு நம்மள விட்டுப் பிரிய மனசில்ல. பாத்துக்கிட்டே போறாரு."

"பாக்கட்டும் அக்கா. கைய ஓட்டு, எடை கொறைஞ்சா அதையும் பாப்பாரு" என்றாள் பக்கத்தில் பறித்தவள்.

கார் வளைவில் மறையும்வரை துரையின் முகம் தங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த வாரம் கொழுந்து எடை ஏறியது. இதுவும் உண்மை.

ரெங்கசாமி ரோட்டில் நடப்பதை விட்டான். தேயிலைச் செடிக்குள் குனிந்தே பட்டறைக்குப் போனான், குனிந்தே வந்தான். சட்டை முழுக்கக் கொழுந்து ஒட்டியிருந்தது. பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து வரும் காய்கறி லோரிக்காரர்கள் பட்டறையைத் தாண்டும்போது வேண்டுமென்றே பின்கியர் போட்டுக் காட்டினார்கள்.

வியாழக்கிழமை நீலாவதி பாசாரிலிருந்து வெறுங்கூடையோடு வந்தாள்.

"மீன் வாங்கலயா?"

"எங்கேங்க வாங்குறது? என்னைப் பாத்ததும் மீன்காரன் பின்னாடியே நடந்து காட்டுறான். பக்கத்துக் கடைக்காரனும் நடக்குறான். நான் போகப் போக கடையே என்னை விட்டுத் தள்ளிப் போகுது."

ரெங்கசாமி சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. திரைச்சீலைத் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டி மூடிய சத்தம் அவன் காதில் விடிய விடிய இருந்தது.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் துரை எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நாளைக்குக் கம்பெனி பெரிய துரை தாப்பா ரோடு ஸ்டேசன்ல வந்து எறங்குறாரு. அவரை நான் பின்னாடியே மலையேத்திக் கூட்டிட்டு வரணுமா ரெங்கசாமி?"

ரெங்கசாமி தொப்பியைக் கழற்றினான். மார்தட்டிய அதே இடம். அதே இருநூறு பேர்.

"தப்பு என்னுதுதான் துரை. பூட்டி முடிச்சப்ப ஒரு குண்டு மிஞ்சுச்சு. வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சுட்டேன். அப்பறம் தோணுன எடத்துல போட்டுட்டேன். ஈப்போவுக்கு ஆள் சொல்லி விட்டுடுங்க. எனக்கு போர்மேன் வேலை வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. காளியம்மாகூடக் கூடைக் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். சிங்காரம். காதுமடல் வரை சிவந்திருந்தான்.

"அண்ணே, அந்தக் குண்டு பட்டாணி அளவுதானே? ஒடஞ்ச ஜன்னலுக்கு நேரா, மேசை மேலதானே கெடந்துச்சு?"

"ஆமா. ஒனக்கு எப்படிடா தெரியும்?"

சிங்காரம் இடுப்பிலிருந்து உண்டிவில்லை உருவினான். மடியிலிருந்து ஒரு கைப்பிடி குண்டு எடுத்தான். பழைய சைக்கிள் சக்கரத்துக் குண்டுகள். எல்லாம் பட்டாணி அளவு, எல்லாம் பளபளப்பு.

"லாஸ்டிக்ல குரங்கைத்தாண்ணே அடிச்சேன். குறி தப்பிடுச்சு. அது துரை காடியோட குண்டு இல்லண்ணே. நீங்க மொதல்லயே சரியாத்தான் பூட்டியிருந்தீங்க. நான்தான் கண்ணாடி ஒடஞ்சதுக்கு பயந்துகிட்டுச் சொல்லல."

துரை உண்டிவில்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரெங்கசாமியின் தோளில் கை வைத்து, "போ, அத மொதல்ல வெளியில எடு" என்றார்.

மத்தியானத்துக்குள், காலியாகவே இருக்க வேண்டிய பள்ளத்திலிருந்து சைக்கிள் குண்டு வெளியே வந்தது. எண்ணெய் அளவுக்கு இறங்கியது. கேபிளை இரண்டு சுற்று முறுக்கியதும் முதல் நாள் குலுக்கலும் போனது. மறுநாள் பெரிய துரை கையில் விளிம்பு வரை தேநீரோடு தாப்பா ரோட்டு வளைவுகளெல்லாம் ஏறி வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ரெங்கசாமி போர்மேன் ஆனான். நீலாவதி புது வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மாட்டினாள். மீன்காரன் அவளைப் பார்த்ததும் முன்னால் நடந்து வந்து வணக்கம் சொன்னான்.

கற்பூரத்தில் கை சுடுவது இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்: உண்மையில் அந்த வெள்ளிக்கிழமைப் பெரட்டில் சிங்காரம் வாயைத் திறக்கவே இல்லை. ரெங்கசாமி மறுவாரம் கோலா தெர்லாவுக்குக் கோஸ் லோரி ஓட்டப் போய்விட்டான். எனக்கு நன்றாகத் தெரியும், சிங்காரம் நான்தான்.