மூன்றாம் மேசையில் ஒரு மௌனி

நியூயார்க்கின் சீனர் பகுதி, மல்பெரி தெரு, கொலம்பஸ் பூங்கா, 2011 செப்டம்பர் 3, சனிக்கிழமை. மண்டபத்தில் அன்று மோய் ஹொய்சுன் பாடவில்லை.

ஓய்வுபெற்ற சமையல்காரரான மோய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. நிலாத் திருநாள் நெருங்கிவிட்டது. அன்றைய பாட்டு நாடகத்தில் அரசன் வேடம் அவருக்கு. அவர் பாடாவிட்டால் அது மளிகைக்கடை லியோங்குக்குப் போய்விடும். லியோங் அரசனின் தாடியை ஒட்டிப் பார்த்துவிட்டதாகக் கேள்வி.

பேயார்டு தெரு மூலிகை வைத்தியர் யிப் நாடி பிடித்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"உடம்புல சூடு ஏறிடுச்சு. வறுத்த வாத்து கூடாது. கசப்புக் கஷாயம் குடிங்க. மேடை ஏறுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. திறந்தீங்க, குரல் அவ்வளவுதான்."

ஊமையாக வீட்டில் உட்கார்ந்திருந்தவரை மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"சுவத்தோட சண்டை போடுற மாதிரி இருக்கு. பூங்காவுல போய் உக்காருங்க, போங்க."

பாட்டுக் கோஷ்டி பக்கம் போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எனவே மோய் இதுவரை எட்டிப் பார்த்திராத சீனச் சதுரங்க மேசைகளின் பக்கம் போனார். அங்கிருந்தவர்களும் அவரை முகம் பார்த்து அறியாதவர்கள். ஒலிபெருக்கி வழியாக வரும் குரலாக மட்டுமே அவரைத் தெரியும்.

சதுரங்கப் பலகையின் நடுவே ஆறு என்று ஒரு பட்டை. ஆற்றில் எழுதியிருந்தது: 'ஆட்டம் பார்ப்பவர் பேசாதிருப்பதே பண்பு.' மூன்றாம் மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குதிரையை நகர்த்துய்யா!"

"நீ முதல்ல உன் வாயை நகர்த்து!"

"இன்னைக்கு எவ்வளவு நிம்மதி பாத்தியா? அந்தக் கோழி அறுக்குற சத்தம் இல்ல."

"திருநாள் வரைக்கும் இருக்காது. அனுபவிங்கடா."

மோய் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆடிக்கொண்டிருந்த ஃபூங், பழைய பஸ் டிரைவர், நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"பேசாம ஆட்டம் பாக்குற மனுசனை இந்தப் பூங்காவுல இப்பத்தான் பாக்குறேன். பெரிய ஆட்டக்காரராத்தான் இருக்கணும். அண்ணே, குதிரையா, பீரங்கியா? சொல்லுங்க."

பேச முடியாது என்று காட்ட மோய் தன் தொண்டையைத் தொட்டார்.

"கழுத்தைப் பிடிக்கச் சொல்றாருடா!"

ஃபூங் பீரங்கியை இழுத்து எதிராளியின் தளபதிக்கு நேராக நிறுத்தினார். ஆட்டம் முடிந்தது. ஃபூங் ஜெயித்திருந்தார்.

உடனே பக்கத்து மேசைக்காரர் மோயின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எனக்கும் ஒரு வழி சொல்லுங்கண்ணே."

தெரியாது என்று மோய் கையை விரித்தார்.

"அஞ்சு விரல்! அஞ்சாவது வரிசை!"

அவரும் ஜெயித்தார். தலைவிதியே என்று மோய் கண்களை மூடிக்கொண்டார்.

"பலகையைப் பாக்காமலே ஆடுறவருடா இவரு!"

மோய் கிளம்பப் பார்த்தார். மரியாதை போதவில்லை என்று கோபித்துக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. தேநீர் வந்தது. மேசையருகே மெத்தை வைத்த மடக்கு ஸ்டூல் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது.

"அது வந்து..." என்று ஒருவர் இழுத்தார்.

"அவரு வர நேரமாகும். ஆசானை உக்கார வைடா!"

தோளைப் பிடித்து அழுத்தினார்கள். மோய் உட்கார்ந்தார். எதிரே ஃபூங் பணிவாகக் காய்களை அடுக்கினார். ஏதாவது ஒன்றை நகர்த்தினால்தான் விடுவார்கள் என்று தெரிந்ததும், மோய் கைக்கு அகப்பட்ட யானையை எடுத்து ஆற்றுக்கு அக்கரையில் வைத்தார்.

பலகையில் எழுதியிருந்ததை எல்லாரும் முதன்முறையாகக் கடைப்பிடித்தார்கள்.

"அண்ணே," என்றார் ஃபூங் மெதுவாக, "யானை ஆத்தைத் தாண்டக் கூடாதே?"

"உனக்கென்னய்யா தெரியும்? ஆசான் புதுசா ஏதோ பண்றாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "இன்னொரு யானையையும் அனுப்புங்கண்ணே!"

மோய்க்குத் தாங்கவில்லை.

"எனக்கு ஆடவே தெரியாதுடா, பாவிங்களா!"

புறாக்கள் எழுந்து பறந்தன. மண்டபத்தில் பிடில் நின்றது.

"ஐயையோ," என்றார் ஃபூங். "கோழி!"

மோய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். லியோங்கின் தாடி கண்முன் வந்தது. மண்டபத்திலிருந்து பிடில்காரர் லௌ ஓடி வந்தார்.

"அண்ணே! குரல் கணீர்னு இருக்கே! அப்புறம் எதுக்கு இந்த ஊமை வேஷம்?"

"போச்சு லௌ, எல்லாம் போச்சு. வாயைத் திறந்தா குரல் போயிடும்னு நாடி பாத்துச் சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"யிப் வைத்தியர்."

மூன்றாம் மேசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஃபூங் அவசரமாகக் காய்களைப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

காலி டின்கள் பொறுக்கும் பெண்மணி மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"யிப் வைத்தியரா? அவரு ஸ்டூல்லதான் உக்காந்திருக்கீங்க. கடையை அடைச்சதும் வந்துடுவாரு. உங்க பாட்டுச் சத்தத்துலதான் தினமும் தோக்குறாராம்."

மறு சனிக்கிழமை பாட்டுக் கோஷ்டியினர் ஒலிபெருக்கியை மூன்றாம் மேசையைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். மோய் பாடினார். யிப் தோற்றார்.