கோழி அம்மை எந்தக் கூட்டம்?

நாமக்கல்,
30-6-1985, ஞாயிறு.

மரியாதைக்குரிய தங்கசாமி மாமா அவர்களுக்கு, மருமகள் கமலவேணி கைகூப்பி எழுதிக்கொள்வது. மேட்டூரில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும், கோழி நோய் ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் மணியனும், ஐஸ் பெட்டிக்குள் சீசாக்களில் இருக்கிற வைரஸ்காரர்களும் அவரவர் நிலையில் நலம்.

உங்கள் கார்டு புதன்கிழமை வந்தது. "பரமத்தி மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஆடி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. நான் நேரில் போய் இன்னொரு தடவை கேட்கட்டுமா, விட்டுவிடட்டுமா? உன் மனதில் இருப்பதை மறு தபாலில் எழுது சாமி" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு உங்களுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் நீங்கள் வரவில்லை. அப்பா சொல்லியிருப்பதில் பித்தளைத் தாம்பாளம் மட்டும் இருக்கும். அம்மா சொல்லியிருப்பதில் என் வாய் மட்டும் இருக்கும். நடந்தது இரண்டும்தான் மாமா. அதனால் வரிசையாக எழுதுகிறேன். நான் பேசத் தெரியாதவள் என்று உங்களுக்குத் தெரியும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்காததால் கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

அப்பா இந்த வருஷம்தான் எருமப்பட்டித் தோட்டத்து வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு ஐந்நூறு கோழி விட்டிருக்கிறார். பெண் பார்க்க வருகிறவர்களோ மூவாயிரம் கோழிக்காரர்கள். கோழிக்காரர் செருப்பில் என்னென்ன ஏறி வரும் என்று தினமும் பார்க்கிறவள் நான். எந்தப் பண்ணைக்குள் யார் வந்தாலும் வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். ஊருக்குச் சொல்லிவிட்டு நம் வீட்டில் செய்யாமல் இருக்கலாமா என்று பெர்மாங்கனேட் கரைத்தேன். பிளாஸ்டிக் பேசின் அடியில் விரிசல். அகலமான பாத்திரம் வேறு இல்லாததால் அம்மாவின் கல்யாணச் சீர்த் தாம்பாளத்தை எடுத்து, அதில் ஊற்றி, வாசல்படிக்கு முன்னால் வைத்தேன். பித்தளைத் தாம்பாளத்தில் பெர்மாங்கனேட் தண்ணீர் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. குங்குமம் கரைத்தது மாதிரியே இருந்தது மாமா.

வேனில் இருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை செல்லியம்மாள். தாய் இல்லாத மாப்பிள்ளையைச் சின்னதிலிருந்து வளர்த்தவர் இவர்தான். அந்த வீட்டில் இவர் வைத்ததுதான் சட்டம். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பொண்ணு பாக்க வந்ததுக்கே ஆரத்தி எடுக்கறாங்க பாருங்க, எத்தன மரியாத தெரிஞ்ச சனம்!" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, யாராவது தூக்கிச் சுற்றுவார்கள் என்று நின்றார். யாரும் சுற்றவில்லை. அம்மா பின்கட்டில் வடை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே போய்ச் சொல்ல வாய் வராமல் நின்றேன். அவரே குனிந்து, விரலால் தொட்டு, நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டார். அதே நேரத்தில் பின்னால் வந்த மாப்பிள்ளை கந்தவேல் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு காலையும் தூக்கித் தாம்பாளத்துக்குள் வைத்து நின்றார்.

"என்றா கந்தா, ஆரத்தித் தட்டுல கால வெக்கறே!"

"அத்தெ, இது கொட்டாய்க்கு வெக்கற மருந்துங்க. நம்ம பண்ண வாசல்லயுமே இருக்குதே."

"அப்ப நான் நெத்தியில வெச்சது?"

"அதுவும் மருந்துதானுங்க."

அந்தக் கறை தோலில் பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது, சோப்பு போட்டால் இன்னும் கருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் இடம் அது இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் அந்த அறிவு போய்விட்டது.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு, வாசலை ஒட்டி எல்லோரும் உட்கார்ந்திருந்த ஆசாரத்துக்குப் போனேன். அப்பாவிடம் கந்தவேல் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு நாளா கோழி கழுத்த நீட்டி நீட்டி மூச்சு இழுக்குதுங்க. சளின்னு மாத்திர கலந்துட்டிருக்கறமுங்க." அப்பா உடனே, பூண்டை அரைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். தட்டு என் கையில் இருக்கிறது. ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கேட்டேன்: "கொண்டையில பரு இருக்குதுங்களா?"

என் இருபத்து மூன்று வயதில் வெளி ஆண் ஒருவரிடம் நானாக வாய்திறந்து பேசிய முதல் வாக்கியம் அது. அம்மா வடைக் கரண்டியோடு கதவருகே வந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணு ரெண்டுக்கு இருக்குதுங்க. தொண்டைக்குள்ள மஞ்சளா ஆடை கட்டியிருக்குது" என்றார் அவர்.

"அப்ப அம்மைக் கூட்டமா இருக்கும், இல்லீன்னா ஹெர்ப்பிஸ் கூட்டமா இருக்குமுங்க. ரெண்டுலயும் கோழி ஒரே மாதிரிதான் இழுக்கும்."

"கூட்டமுன்னா?"

மாமா, புத்தகத்தில் குடும்பம் என்றுதான் இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கூட்டம், குலதெய்வம் எது, எங்கே பெண் எடுத்தவர்கள் என்று நாலு கேள்வியில் அவர் நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். மூக்கும் நிறமும் ஒன்றாக இருக்கிறது என்று யாரும் பங்காளி ஆக்குவதில்லை. வைரசுக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். எந்த நோய் தருகிறது, யாருக்குத் தருகிறது என்று பார்த்துப் பிரிப்பதில்லை. உள்ளே இருக்கிற நூல் டி.என்.ஏ.வா வேறா, ஒற்றையா ரெட்டையா, மேலே போர்வை உண்டா, செல்லுக்குள் நுழைந்து எந்த இடத்தில் உட்கார்ந்து பெருகுகிறது, இதுதான் கேள்வி. அம்மை, ஹெர்ப்பிஸ், அடினோ, இரிடோ, பூச்சிகளைப் பிடிக்கிற பேக்குலோ எல்லாம் ரெட்டை நூல் டி.என்.ஏ. வைத்திருக்கிறவை, வைரஸ்களுக்குள் உருவத்தில் பெரியவை. இருந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டில்லை. ஹெர்ப்பிஸ் வந்தால் நேராக உள்வீட்டுக்குப் போய், செல்லின் உட்கருவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அம்மை உட்கருவுக்குள் போகாது. வேண்டிய சாமானைத் தானே கொண்டுவந்து, ஆசாரத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிற விருந்தாளி அது. இப்படியெல்லாம் நான் பேசினேன் மாமா, காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு. காப்பி ஆறிப்போனதை யாரும் சொல்லவில்லை.

செல்லியம்மாள்தான் குறுக்கிட்டார். "அம்மைங்கறது ஆத்தா போடற முத்து. அதுல என்ன பொண்ணு, கூட்டமும் கொலமும்?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான், "மனுசருக்கு வந்த பெரியம்மையும் கோழி அம்மையும் ஒரே கூட்டமுங்க. சின்னம்மைதான் வேற. அது ஹெர்ப்பிஸ் கூட்டத்துல இருக்குது. அதயும் பெரியம்மையையும் நாமதான் அக்கா தங்கச்சின்னு நெனச்சுட்டிருக்கறம்" என்றேன்.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். முகத்தில் தழும்பு இருப்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. நெற்றிக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப என்ற மூஞ்சியில இருக்கறது கோழிச் சீக்குக்குப் பங்காளியா?"

"ஆமாங்க. ஆனா கெளை வேறங்க. ஒண்ணு இன்னொண்ணுக்கு வராதுங்க" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"என்ற கடைசித் தம்பிய அது கொண்டு போச்சு. நாலு வயசு. வேப்பந்தழைல படுக்க வெச்சு நாந்தான் விசிறிட்டே இருந்தேன். கோழிச் சீக்கா அது?"

நான் படித்த பக்கத்தில் அந்தத் தம்பி இல்லை மாமா. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். தெரிந்துதானே சொன்னேன்? அதனால் காப்பித் தட்டைத் தரையில் வைத்தேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பலாம்" என்றார். அம்மா பதினான்கு பேருக்குச் சமைத்து வைத்திருந்தார். ஒருவரும் கை நனைக்கவில்லை. மூன்று நாள் வீட்டில் வடைதான் சாப்பாடு.

இதோடு முடிந்தது என்றுதான் அப்பா உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு கந்தவேல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ரெக்சின் பையில் செத்த கோழி இரண்டு. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அறுத்து, தொண்டை ஆடையைச் சுரண்டி, கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கந்தவேல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்று நினைத்தேன். படிக்கவில்லை, மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார். தேடியது என் கண்ணில் பட்டதும், "நீங்க பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "கருப்பாக் கம்பி கம்பியாத் தெரியுதுங்க."

"அது உங்க கண்ணு முடிங்க."

"அப்ப வைரசு?"

"ஒத்த வைரசு இந்தக் கண்ணாடிக்குத் தெரியாதுங்க. நெறையச் சேந்து குடியிருக்கற உருண்டைதான் தெரியும். உட்கருவுக்கு வெளிய பாருங்க."

திருகிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆசாரத்துலதான் உக்காந்திருக்குதுங்க" என்றார். அம்மைதான். மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் வராத கோழிகளுக்கு இறக்கைச் சவ்வில் தடுப்பூசி குத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சீட்டை வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. "இந்தக் கூட்டமெல்லாம் பிரிக்கறது யாருங்க?" என்று கேட்டார். பல தேசத்து ஆட்கள் கமிட்டியாகக் கூடிப் பேசி ஓட்டுப் போடுவார்கள் என்றேன். "எந்தக் கூட்டத்துலயும் சேராதது இருந்தா?" என்றார். இருக்கிறது என்றேன். ஆப்பிரிக்காவில் பன்றிக்கு வரும் ஒரு காய்ச்சல். உருவத்தைப் பார்த்து இரிடோ கூட்டத்தில் வைத்திருந்தார்கள். நூலைப் பிரித்துப் பார்த்தால் அம்மையின் சாயல் அடிக்கிறதாம். வெளியே எடுத்துவிட்டார்கள். அம்மையிலும் சேர்க்கவில்லை, தனியாக நிற்கிறது. அவர் சிரித்துவிட்டு, "பாவம், கல்யாண ஊட்டுல யாரு பக்கம் போயி உக்காரும்?" என்றார். "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிப் போனார். பிறகு வரவில்லை.

மாமா, என்ன வேலை பார்க்கிறாய் என்று என்னை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதும், "அப்படியா" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். போன வருஷம் அந்த உருண்டையை முதல் தடவையாக நானே கண்டுபிடித்த அன்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மணியன் டீ குடிக்கப் போயிருந்தான். உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் போட்டீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான். படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டவரே நீங்கள்தான். ஆனால் நான் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் இல்லை.

ஆகவே என் பதில் இதுதான். விட்டுவிடுங்கள். அந்த அம்மாளை நான் நோகடித்துவிட்டேன். அவர் இருக்கிற வீட்டு வாசலில் போய் நீங்கள் நிற்க வேண்டாம். எனக்கு இங்கே மேஜை இருக்கிறது, மைக்ராஸ்கோப் இருக்கிறது, மெஸ் சாப்பாடு பரவாயில்லை, வீட்டுக்கார அம்மா எட்டரைக்கு விளக்கை அணைத்தாலும் நல்லவர். ஒரு குறையும் இல்லை. அப்பாவிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளை அணைக்கட்டுப் பக்கம் தனியாக விட வேண்டாம். நீங்கள் நைட் ஷிப்டில் மப்ளர் கட்டிக்கொள்ளவும்.

என்றும் உங்கள் சொல்லைக் கேட்கிற மருமகள்,
கமலவேணி.

பி.கு.: மேலே உள்ளது அத்தைக்கும் அப்பாவுக்கும் வாசித்துக்காட்ட. இந்தத் தனித் தாளைக் கிழித்துவிடுங்கள். வருகிற ஞாயிறு ஏழாம் தேதி மேட்டூரில் காலை ஆறு மணி வண்டியைப் பிடித்தால், சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் மாறி, பதினொன்றுக்குள் பரமத்தி வந்துவிடலாம். அங்கே ஜேடர்பாளையம் டவுன் பஸ் நிற்கும். மூன்றாவது நிறுத்தம், இடது பக்கம் நீளமாக இரண்டு கொட்டகை, ஓட்டு வீடு. போய்க் கேளுங்கள் மாமா. முதலில் அந்த அம்மாளிடம், தம்பியின் பெயர் என்ன என்று நான் கேட்கச் சொன்னதாகக் கேளுங்கள். பிறகு மற்றதைக் கேளுங்கள். வழி சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நேற்று மத்தியானம் அந்த பஸ்ஸில் நான் அந்த நிறுத்தம் வரைக்கும் போனேன். இறங்கவில்லை.