குருவியைப் பிடிக்கப் பாறை ஏறியது

மரியாதைக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இடது முழங்கால் நீங்கலாக நான் நலம். உங்கள் நலத்தை அண்ணி தினமும் போனில் சொல்லிவிடுகிறார். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் நடுவில் கத்துவீர்கள், எனக்கு வரிசை மறந்துவிடும். அதனால்தான் கடிதம்.

‘போ, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா’ என்று நீங்கள் உத்தரவு போட்ட மறுநாளே கிளம்பினேன், அதில் குறை சொல்ல முடியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் என் பிள்ளை குருவி நம் வீட்டுக் கூடத்தில் நின்று, ‘நான் பொண்ணும் இல்ல, பையனும் இல்ல’ என்று சொன்னதும், நீங்கள் ‘அப்ப நீ யாருதான்?’ என்று சத்தம் போட்டதும், பதில் வருவதற்குள் பிள்ளை பையோடு படியிறங்கிப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். நான் வாயே திறக்கவில்லை, அதுவும் நினைவிருக்கும். பிறகு பேச்சே இல்லை. போன வாரம்தான் செய்தி வந்தது: பாறை ஏறும் விழாவாம், பெண்களுக்கும், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்களுக்கும். ‘நீ வர்றியாம்மா?’ என்று ஒரே வரி.

விழா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தச்சுவேலைக்கார அம்மா சீட்டு ஒன்றைக் கொடுத்து, எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன வேலை என்று எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ‘குருவியின் அம்மா, லிஃப்ட் ஆபரேட்டர்’ என்று எழுதினேன். ‘உங்க பிள்ளைய நாங்க அவங்க, இவங்கன்னுதான் சொல்றோம்மா’ என்றார். பெற்ற பிள்ளைக்கு ‘ங்க’ போடுவதா? என் மாமியாருக்கே பாதி நாள் போட்டதில்லை. ஆனால் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் நாகரிகம் தெரியாதவள் போல நிற்பானேன் என்று ஆரம்பித்துவிட்டேன். ஆகவே இனிமேல் குருவி ‘வந்தார், சொன்னார்’ என்று இருந்தால் எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

கையைப் பிடிக்கச் சொன்னீர்கள் அல்லவா, அந்தக் கை முப்பது அடி உயரத்தில் ஒரு பாறை இடுக்கில் இருந்தது. இறங்கி வந்ததும் பிடிக்கலாம் என்று ஓரமாக நின்றேன். நின்ற இடம் தப்பு, அது ஏற வந்தவர்களின் வரிசை. ஒரு நர்ஸ் அம்மா என் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, இடுப்பையும் தொடைகளையும் வாரால் இறுக்கி, ‘புதுசா? சூப்பர்!’ என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொருவர் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி பூசிவிட்டார். திரும்பிப் பார்த்தால் என் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கீழே இறங்கி வந்துவிட்ட குருவி! எட்டு மாதம் கழித்து முதல் பேச்சு என்ன தெரியுமா? ‘வலது கால மேல வைம்மா.’ வைத்தேன்.

அண்ணா, இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஊரையே ஏற்றி இறக்கியவள் நான். ஏறுவது என்றால் எனக்குப் பொத்தான். இங்கே பொத்தானும் இல்லை, கதவும் இல்லை. ஏதோ வேகத்தில் நாலைந்து எட்டு வைத்துவிட்டுக் கீழே பார்த்தேன். அவ்வளவுதான், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன்.

‘கீழ பாக்காதம்மா!’

‘பாக்காம எப்படிடி... எப்படிங்க எறங்கறது!’

கூட்டமே சிரித்தது. குருவி வயிற்றைப் பிடிக்க முடியாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

‘கைய விட்டுட்டு கயித்துல உக்காரு. நான் புடிச்சிருக்கேன்.’

‘அன்னிக்கு நான் உன்னப் புடிக்கலியே’ என்று என் வாயில் தானாக வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், சுவரில் ஒட்டிய பல்லி பேசுகிற பேச்சா இது?

குருவி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ‘பரவால்ல, இப்ப விடும்மா’ என்றார்.

விட்டேன். விழவில்லை, அண்ணா.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று பிடி ஏறினேன். ஆகாயம் என்று நான் நினைத்த இடம் பன்னிரண்டு அடியாம். கைதட்டல் மட்டும் நூறு அடிக்கு.

பிறகு நிழலில் உட்கார்ந்து, நீங்கள் கத்திக் கேட்ட கேள்வியை நான் மெதுவாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் பதில் சொன்னார். எல்லாம் புரிந்தது என்றால் பொய். ஆனால் நம் வீட்டில் எப்போதும் தரையைப் பார்த்தே பேசிய பிள்ளை, என் கண்ணைப் பார்த்துப் பேசினார். ‘வீட்டுக்கு வர்றீங்களா?’ என்றேன். ‘மாமா?’ என்றார். ‘மாமாவ நான் பாத்துக்கறேன்’ என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். அந்த வீரம்தான் இந்தக் கடிதம். ஞாயிறு காலை வருவோம். கதவைத் திறந்ததும் ‘சாப்டீங்களா?’ என்று மட்டும் கேளுங்கள், போதும். நான் இனிப் பாறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், மாடிப்படிகூட வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம், குனிய முடியாததால் நின்றபடியே.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: ஞாயிறு நாங்கள் வரவில்லை. விழா அடுத்த வாரமும் இருக்கிறது, குருவி என்னை இருபது அடிப் பாறைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார். நீங்களே கிளம்பி வாருங்கள். ஆண்களுக்கு ஏற அனுமதி இல்லை. ஆனால் சமையல்கூடத்தில் வெங்காயம் உரிக்க ஆள் பற்றவில்லையாம், உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அண்ணி போனிலேயே தன் பெயரைத் தானே கொடுத்துவிட்டார், ஏறுவதற்கு.